காய்ந்து காய்ந்து உடைகிற புண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு புது லேஅவுட்டில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. சுற்றிலும் காலி மனைகள்தான். எங்களிடம் இரண்டு நாய்கள். ஒன்று கோல்டன் ரெட்ரீவர், மற்றது ஊரிலிருந்து கொண்டுவந்த, குட்டை முடியுள்ள கன்னி இன நாய். தை பிறந்ததிலிருந்து ரெட்ரீவரின் உடம்பெல்லாம் ஒட்டுமுள். காதுக்குப் பின்னால் முடி திரண்டு கட்டிகட்டியாகிவிட்டது. கன்னி நாய்க்கு அப்படி எதுவும் ஒட்டவில்லை. ஆனால் வலது முன்னங்காலில் விரல்களுக்கு நடுவே வீங்கி உடைகிறது. ஊசி போட்டு மாத்திரை கொடுத்தால் காய்கிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி. இதுவரை மூன்று தடவை ஆகிவிட்டது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பச் சொல்கிறார்கள். செய்யலாமா? ரெட்ரீவருக்கு மொட்டை அடித்துவிடவா? காலி மனைச் செடிகளுக்கு மருந்து அடிக்கலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை.

பதில்: அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் முதலில் ரெட்ரீவரைப் பற்றி இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தொல்லை அதுதான் என்பதால் அப்படி எழுதியிருக்கிறீர்கள். நான் கன்னி நாயின் காலிலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அங்கேதான் இருக்கிறது.

மாத்திரையில் காய்ந்து, மாத்திரை தீர்ந்ததும் அதே இடத்தில் உடைகிற புண் என்றால் உள்ளே ஏதோ ஒன்று கிடக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். தை, மாசியில் தரிசில் ஓடித் திரிகிற நாய்க்கு அது பெரும்பாலும் புல்லின் விதையாக இருக்கும். மாத்திரை கிருமியை அடக்கும், சலத்தை வற்றவைக்கும். புல்லை அது ஒன்றும் செய்யாது. கிருமி அடங்கியதும் மேல்தோல் மூடிக்கொள்ளும், மருந்தின் வேகம் குறைந்ததும் உள்ளே இருப்பது மறுபடி சலம் கட்டும். எல்லா விரலிடுக்கிலும், அல்லது நாலு காலிலும் ஒரே சமயத்தில் புண் இருந்தால் நான் சொறி, பூஞ்சை, ஒவ்வாமை என்று வேறு பக்கம் யோசிப்பேன். உங்கள் நாய்க்கு ஒரே கால், ஒரே இடுக்கு. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஊசிப்புல்லின் விதையை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். அடிமுனை ஊசி மாதிரி கூர்மையாக இருக்கும். அதற்கு மேலே பின்பக்கம் சாய்ந்த விறைப்பான ரோமங்கள், அதற்கும் மேலே வால் போல நீண்டு முறுக்கிக்கொண்ட ஒரு தும்பு. பனி இறங்கினால் அந்த முறுக்கு அவிழும், வெயில் ஏறினால் மறுபடி முறுக்கும். இப்படித் திருகித் திருகியே அந்த விதை தன்னை மண்ணுக்குள் நட்டுக்கொள்கிறது. நாயின் விரலிடுக்கில் சிக்கினாலும் அதே வேலைதான். ரோமங்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போக முடியும், திரும்பி வர முடியாது. நாய் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும் அதை இன்னும் கொஞ்சம் தள்ளும்.

சில வருஷங்களுக்கு முன்பு மானூர்ப் பக்கமிருந்து ஆட்டுக்காரர் ஒருவர் தன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "காலை ஊணவே மாட்டேங்கு சார். நாலு தரம் பண்டுவம் பாத்தாச்சு" என்றார். அந்த நாலில் இரண்டு தரம் பார்த்தவன் நான்தான். இரண்டு தரமும் வீக்கத்தைப் பார்த்து மாத்திரை எழுதி அனுப்பியிருந்தேன். அன்றைக்குத்தான் விரலிடுக்கில் முடியைச் சிரைத்து, விளக்கை நெருக்கிப் பிடித்துப் பார்த்தேன். கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை. மயக்க ஊசி போட்டு, ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, மெல்லிய இடுக்கியை விட்டுத் துழாவினேன். மூன்றாம் தடவை எதையோ பிடித்தது. மெதுவாக இழுத்தால் பழுப்பு நிறத்தில், ஈர்க்குச்சி நுனி ஒடிந்தது போல ஒரு சிலாம்பு, சலத்தில் ஊறி வந்தது. எத்தனையோ நாள் சதைக்குள் கிடந்தும் அது மக்கவே இல்லை. கையுறையில் எதிர்ப்பக்கமாக உரசினேன், அப்போதும் கொக்கி போட்டு நின்றது. விரலிடுக்கில் நுழைந்தது, மணிக்கட்டை நோக்கிப் பாதித் தூரம் போயிருந்தது. எடுத்த பிறகு ஒரு வாரத்தில் அந்த நாய் ஆட்டுக்குப் பின்னால் ஓடியது. நான் முதல் தடவையே தேடியிருந்தால் அந்த மனிதர் மறுபடி மறுபடி பஸ் ஏறி வந்திருக்க வேண்டாம். அதிலிருந்து, விரலிடுக்குப் புண்ணுக்குத் தேடாமல் மாத்திரை எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

ஆகவே நாலாவது மாத்திரைக் கோர்ஸ் வேண்டாம். மயக்கம் கொடுத்து உள்ளே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் புல் தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் எலும்பில் கோளாறு இல்லை என்று மட்டும்தான் அதற்குப் பொருள். அல்ட்ராசவுண்டில் பல சமயம் பிடிபடும். நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் அது இல்லையென்றால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் அப்ப வேண்டாம். மஞ்சளைக் குறை சொல்லவில்லை. மேல்காயத்துக்கு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வருகிறோம். ஆனால் இந்தப் புண்ணில் அந்தச் சின்ன ஓட்டைதான் சலம் வெளியேறுகிற ஒரே வாசல். அதை அப்பி அடைத்தால் சலம் உள்பக்கமாக வழி தேடும். வேப்பெண்ணெயை நாய் நக்கி விழுங்கும், அதுவும் நல்லதில்லை. மருத்துவரிடம் போகும் வரை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, காலையும் மாலையும் பத்து நிமிஷம் பாதத்தை அதில் வைத்து எடுத்து, இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடையுங்கள். நக்க விடாமல் கழுத்துக்கு அந்தக் கூம்புப் பட்டை போடுங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் நாம் போடுகிற வலி மாத்திரையைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு விஷமாக மாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பாசத்தில் கொடுத்துவிட்டு, பிறகு அழுகிறார்கள்.

இனி ரெட்ரீவர். அதன்மேல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் மருளூமத்தைச் செடியின் காயாக இருக்கும். முட்டை வடிவம், இரண்டு சென்டிமீட்டர் நீளம், உடம்பெல்லாம் கொக்கி, நுனியில் இரண்டு கொம்பு. செருப்பிலும் பள்ளிப் பையிலும் பர்ரென்று பிரிக்கிறோமே, அந்த வெல்க்ரோ பிறந்ததே நாய் முடியில் ஒட்டிய முள்ளால்தான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் நாயோடு வெளியே போய்விட்டு வந்து, அதன் முடியில் சிக்கியிருந்த காயை உருப்பெருக்கியில் பார்த்தார். 1955-இல் காப்புரிமை வாங்கினார். அங்கே ஒட்டியது வேறு செடி, ஆனால் கொக்கி ஒன்றுதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வெல்க்ரோவை நேராக இழுத்தால் வராது, ஓரத்திலிருந்து உரித்தால் வந்துவிடும். முள்ளையும் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

குளிப்பாட்டிவிட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். நனைந்தால் சடை இன்னும் இறுகிவிடும். காய்ந்த முடியிலேயே, சடையின் மேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு ஐந்து நிமிஷம் ஊறவிடுங்கள். ஒரு கையால் தோலை ஒட்டி முடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்போது இழுப்பு தோலுக்குப் போகாது. மறு கையால் சடையின் வெளி ஓரத்திலிருந்து நாலைந்து முடியாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். வராத காயைக் கொறடால் நசுக்கினால் ஓடு உடைந்து கொக்கிகள் தளர்ந்துவிடும். அதற்கும் வராவிட்டால்தான் கத்தரி. கத்தரிக்கு முன்னால் தோலுக்கும் சடைக்கும் நடுவே ஒரு சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே வெட்டுங்கள். காதின் பின்பக்கத் தோல் காகிதம் போல மெல்லியது. சடையோடு தோலையும் சேர்த்து வெட்டிவிட்டு ஓடிவருகிறவர்கள் ஒவ்வொரு மாசியிலும் உண்டு. சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். அது தோலைப் பொசுக்கும், நக்கினால் நுரையீரல் வரை போய்விடும். அந்தச் சடைக்குள் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். முள் சிக்கிய இடத்தில் சீப்பு போகாது, சீப்பு போகாத இடத்தில் உண்ணி சுகமாக உட்கார்ந்துவிடும்.

மொட்டை வேண்டாம். ரெட்ரீவருக்கு வெளிமுடி, உள்முடி என்று இரண்டு அடுக்கு. ஒட்டச் சிரைத்தால் நம்மூர் வெயில் நேராகத் தோலில் இறங்கும், முடியும் பழையபடி சீராக வளராமல் போகலாம். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடி, காதின் உள்ளோரம், தொடையின் பின்பக்கம், வயிற்றின் அடி, இந்த நாலு இடத்தில் மட்டும் மார்கழி முடிவதற்குள் குட்டையாகக் கத்தரித்து விடுங்கள். முள் பிடித்துக்கொள்ள இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

நாய் தானாகவே பல்லால் முள்ளைப் பிடுங்கினால் கொக்கிகள் நாக்கிலும் ஈறிலும் குத்தி நின்றுவிடும். நாக்கு சிவந்து, மேலே பொரிப்பொரியாகப் புண் வரும், எச்சில் வடியும். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக்கிக்கொண்டு, விழுங்க முடியாமல், தொண்டையில் ஏதோ மாட்டியது போல நிற்கிற நாயைப் பார்த்தால், "முள் சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் தோன்றும். உங்கள் நாய்களுக்கு இந்த வருஷ வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால்கூட, கையுறை இல்லாமல் பார்க்க வேண்டாம். தெருநாய் என்றால் கிட்டவே போகாதீர்கள். எச்சில் கையில் சிராய்ப்புப் பட்ட இடத்தில் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முள் எடுக்கப் போன கையால் உயிரை விட்டுவிடக் கூடாது அம்மா.

காதும் மூக்கும் இன்னொரு வாசல். உலாத்திவிட்டு வந்ததும் திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறினால் காதில் புல் போயிருக்கிறது. நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்நோக்கி வளையும். வளைவைத் தாண்டிய விதை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பட்ஸ் விட்டால் இன்னும் உள்ளே போகும், எண்ணெய் ஊற்றினால் மருத்துவர் பார்க்கவும் முடியாது. விடாமல் தும்மி ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் வந்தாலும், ஒரு கண்ணை மட்டும் இடுக்கினாலும் அன்றைக்கே காட்டுங்கள். மறுநாள் தும்மல் நின்றுவிட்டது என்றால் விதை வெளியே வந்துவிட்டது என்று நம்பாதீர்கள், பல சமயம் அது இன்னும் உள்ளே போயிருக்கும்.

செடிகளைப் பற்றிக் கேட்டீர்கள். மருந்து வேண்டாம் என்பது என் கருத்து. மாசியில் செடி காய்ந்து, காய் உதிர்ந்துவிட்டது. செத்த செடிக்கு மருந்து அடித்து என்ன பயன்? அந்தத் தரையில் நடந்த காலை நாய் வீட்டுக்கு வந்து நக்கும். இப்போது செய்ய வேண்டியது, வீட்டைச் சுற்றியும் நாய் நடக்கும் தடத்திலும் கிடக்கும் காய்களைக் கூட்டி அள்ளி, ஒரு குழியில் போட்டு மூட்டம் போடுவது. வாய்க்காலில் தள்ளிவிடாதீர்கள். மருளூமத்தைக் காய் தண்ணீரில் மிதக்கும். பாளையங்கால்வாயில் போட்டால் அது பாய்கிற குளங்களுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

மனையை மேடாக்க எங்கிருந்து மண் அடித்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். குளத்து வண்டல் என்றால் செடி வந்த வழி தெரிந்துவிடும். நம் குளங்களின் உள்வாயில் தண்ணீர் வற்றியதும் முதலில் எழும்புவது இந்தச் செடிதான். பிசான நெல் அறுத்த வயலில் கிடை போட வரும் ஆடுகளும் தங்கள் மேலே சுமந்து வரும். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்றுதான் களைகளை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். காக்கா மூக்கு என்று பிள்ளைகள் விளையாடும் கறுத்த கொக்கிக் காய்ச் செடியும் மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஊசிப்புல், நெருஞ்சி, நாயுருவி மூன்றும் நம்முடையவை. நம் நெருஞ்சி அமெரிக்காவுக்குப் போய் அங்கே சைக்கிள் டயரையும் நாயின் பாதத்தையும் பதம் பார்க்கிறது. அதைத் தின்னும் வண்டுகளை 1961-இல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். நம்முடையவற்றை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆட்டுக்கு மேய்ச்சல், கைமருந்து என்று அவற்றுக்கும் இடம் உண்டு. நாய் நடக்கிற தடத்தில் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மருளூமத்தையை மட்டும் விடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முளைக்கும். கார்த்திகையில், மண் ஈரமாக இருக்கும்போது, பூ வைப்பதற்கு முன்னால் பிடுங்கினால் வேரோடு கையோடு வரும். பக்கத்து மனைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர்கள் மனையிலும் பிடுங்குங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். காய்க்குள் இரண்டு விதை உண்டு. ஒன்று முதல் மழையிலேயே முளைக்கும், மற்றது பொறுத்திருந்து பிறகு முளைக்கும். ஆகையால் ஒரு வருஷம் பிடுங்கிவிட்டு முடிந்தது என்று விடக்கூடாது, அடுத்த இரண்டு மூன்று மழைக்கும் பார்க்க வேண்டும். உங்கள் லேஅவுட்டுக்குள் யாராவது ஆடு மாடு மேய்த்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். இரண்டு தடித்த விதையிலையோடு நிற்கிற இளங்கன்று பருவத்தில் இந்தச் செடி கடும் விஷம். மழை பெய்து வேறு பச்சை தலைகாட்டும் முன்பு இதுதான் முளைத்து நிற்கும். பசியோடு மேய்கிற குட்டிக்கும் கன்றுக்கும் ஈரலைக் கெடுத்து, ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும்.

இவ்வளவுக்கும் மேலாக நான் உங்களிடம் கேட்பது, தினமும் சாயங்காலம் ஐந்து நிமிஷம். உலாத்திவிட்டு வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து, கன்னி நாயின் ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்து, கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் விரல் நுனியால் தடவுங்கள். குட்டை முடிக்குள் நிற்கும் ஊசிப்புல் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும் நறுக்கென்று படும். அன்றைக்கே தட்டுப்பட்டால் நகத்தாலேயே எடுத்துவிடலாம். மறுநாள் என்றால் இடுக்கி வேண்டும். பத்து நாள் என்றால் மயக்க ஊசி வேண்டும். ரெட்ரீவருக்குக் காதின் உள்மடல், அக்குள், வால் அடி. உடம்பெல்லாம் காய் ஒட்டிக்கொண்டு வருகிற நாயை எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறோம். மேலே ஒன்றும் ஒட்டாத நாயை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. உங்கள் கன்னி நாய்க்கு நேர்ந்தது அதுதான். குறையாகச் சொல்லவில்லை அம்மா. நானே இரண்டு தடவை விட்டவன்.

இந்த வாரத்துக்குள் காலைக் காட்டிவிடுங்கள். மயக்கம் கொடுக்க வேண்டி வரும் என்பதால் முந்தின இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் வைக்கலாம். எந்த இடுக்கு, எந்தெந்தத் தேதியில் உடைந்தது, ஒவ்வொரு தடவையும் என்ன மாத்திரை எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மருந்துச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும். எடுக்கிற விதையை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வாருங்கள். அதன் நுனி முழுசாக இருக்கிறதா, ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒடிந்திருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி காட்ட வேண்டும்.